நான்காம் எண் தலை

1994 ஆகஸ்ட் 17, புதன்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அந்த வீட்டின் முன்னறையில் டிரேசிங் தாள் தீர்ந்துபோயிருந்தது. புதுக்கட்டு எடுப்பதற்காக மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். கட்டின் அடியில் ஒரு வண்ணப் புகைப்படம் கிடந்தது. வளையம் போன்ற பெரிய கருவி ஒன்றினுள் தலையை நுழைத்து ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தார். கருவியில் ஒட்டியிருந்த அட்டையில் 4 என்று எழுதியிருந்தது. படுத்திருந்தவரின் முகம் பாதிதான் தெரிந்தது. எனக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. உள்ளறையில் கணினியின் முன்னால் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, வழக்கம்போல் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தவரின் முகம் அது.

படத்தை இருந்தபடியே வைத்து இழுப்பறையை மூடினேன். அச்சம் அப்போது தொடங்கியது.

நான்காம் எண் தலையை எனக்கு மூன்று மாதங்களாகத் தெரியும். அதன் உட்புறத்தை மட்டுமே தெரியும். என் வேலை எளியது. வாரம் ஒருமுறை அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள ஸ்டுடியோவிலிருந்து கருப்பு வெள்ளைப் படங்களை வாங்கி வருவேன். கணினித் திரையில் தோன்றும் உருவத்தை அவர் கேமராவால் எடுத்து, பிலிமைக் கழுவக் கொடுத்திருப்பார். சீட்டுக்கட்டு அளவிலான ஒவ்வொரு படத்தின் மேலும் டிரேசிங் தாளை விரித்து, இருபுறமும் ஒளி ஒத்திராத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஸ்டுடியோவில் ஒவ்வொரு தலைக்கும் தனிக் கவர், கவரின் மேல் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று எண்களில் என் புள்ளிகள் அங்கும் இங்குமாக விழுந்தன. நான்கில் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழுந்தன. இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே இருக்க வேண்டிய இடத்தில், பச்சைப்பயறு அளவில் ஒரு நிழல்.

ஸ்டுடியோக்காரருக்கு எங்கள்மேல் தீராத வியப்பு. “இன்னா தங்கச்சி, உங்க டாக்டரம்மா வாரா வாரம் முட்டகோசா படம் புடிச்சினு கீறாங்க? ஊட்ல கல்யாணம் காதுகுத்து ஒண்ணுமே கெடையாதா?” என்று கேட்பார்.

அவர் டாக்டரம்மாதான், ஆனால் பௌதிகத்தில். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் வெளிநாட்டில், மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவிகளை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்திருந்தார். அப்போது நம் ஊரில் அத்தகைய கருவி இல்லை. கருவி பதிவுசெய்த எண்களை மட்டும் பிளாப்பிகளில் கொண்டுவந்து, அவற்றிலிருந்து இன்னும் தெளிவான படத்தை எடுக்க முடியுமா என்று வீட்டுக் கணினியில் முயன்றுகொண்டிருந்தார். காய்ச்சல் குழந்தைகளோடு வாசலில் நின்றவர்களை, “நான் அந்த டாக்டர் இல்லம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். பாதிப் பேர் அதை நம்பவில்லை.

என் அம்மாவுக்கு இது பெரிய கேலி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் அம்மா செக்கராக இருந்தார். தைத்து வரும் சட்டைகளில் கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவது வேலை. “ஊசி போடத் தெரியாதாம், மாத்திர எழுதத் தெரியாதாம். அப்பறம் இன்னா டாக்டரு? தலைக்குள்ள பாக்கறாங்களாம். உன் தலைல பேனு கீது, அத மொதல்ல பாக்கச் சொல்லு.”

வேலைக்கு என்னைச் சேர்த்தபோது டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. முன்னறைச் சுவரில் மழைநீர் கசிந்த ஓரிடத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்றார். ஈரக்கறை, ஒரு சாண் அகலம், கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிடக் கருமை என்றேன்.

“வேற ஒண்ணும் தோணலையா?”

“இல்லைங்க மேடம்.”

“உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர் யானைன்னாங்க. ஒரு பொண்ணு பிள்ளையார்னே சொல்லிட்டா. தமிழ் இலக்கியம் படிக்கிறவ ஒரு உவமை கூடச் சொல்லாம உக்காந்திருக்க.” சிரித்தார். “நாளையிலேர்ந்து வா. பௌதிகம் மட்டும் படிச்சிடாத. படிச்சா நீ எனக்கு ஒதவ மாட்ட.”

ஆயினும் துண்டு துண்டாகச் சில விஷயங்களைச் சொல்லத்தான் செய்தார். கதிர்வீசும் சர்க்கரையைக் கொஞ்சம் இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். மூளையில் எந்த இடம் நன்றாக வேலை செய்கிறதோ அது அதிகமாக உண்கிறது; உண்ணாத இடம் படத்தில் நிழலாகத் தெரிகிறது. அச்சர்க்கரையிலிருந்து புறப்படும் பாசிட்ரான் என்ற துகள் ஓரிரு மில்லிமீட்டர் அலைந்து, ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது. அழியும்போது எதிரெதிராகப் பாயும் இரு கதிர்களைத்தான் கருவியின் படிகங்கள் பிடிக்கின்றன.

“அப்போ நாம பாக்கறது அது செத்த எடம். பொறந்த எடம் இல்ல. படிகத்த எவ்வளவு சின்னதா வெட்டினாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் நமக்குத் தெரியாது.” இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் ஏதோ பதுங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

அவரை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது ஒரு மடித்த தாள். அவருடைய புரோகிராம் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும். ஒவ்வொரு சுற்றிலும் படம் கூர்மையாகும். ஓர் அளவைத் தாண்டினால் படத்தோடு இரைச்சலும் கூர்மையாகும். இல்லாத புள்ளிகள் இருப்பனபோல் எழுந்து வரும். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதை அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே தாளில் எழுதி மடித்துவிடுவார். மடிப்பின் மேல் நான் கையெழுத்திட வேண்டும். படம் எப்படி வந்தாலும் அந்த எண்ணை மாற்ற மாட்டார்.

“பாத்துகிட்டே போனா, நமக்குப் புடிச்சது தெரியறப்ப நிறுத்துவோம். இல்லன்னா பயந்தது தெரியறப்ப நிறுத்துவோம். ரெண்டுமே பொய்.”

இவ்வழக்கம் கணினியோடு நிற்கவில்லை. குழம்பில் உப்பு எத்தனை கரண்டி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். போட்டபின் சுவை பார்க்க மாட்டார். ஒருமுறை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் அவரோடு நின்றேன். பன்னிரண்டு நிமிடம் காத்திருப்போம், வராவிட்டால் ஷேர் ஆட்டோ என்றார். பன்னிரண்டு முடிந்தது. நாங்கள் பத்தடி நடந்திருப்போம், எங்கள் பேருந்து உள்ளே திரும்பியது. படிக்கட்டில் தொங்கிய நடத்துநருக்கு எங்களைத் தெரியும்.

“இன்னாம்மா, பஸ்ஸு வந்துகினு கீது, நீ பாட்டுக்குப் போய்கினே கீற?”

“என் டைம் முடிஞ்சிடுச்சுப்பா.”

“டைம் முடிஞ்சா எமனாண்ட சொல்லும்மா. என்னாண்ட சொன்னா நான் டிக்கெட்டுதான் குடுப்பேன்.”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஏறவில்லை. ஆட்டோவில் ஆறாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்துகொண்டு, “இன்னும் அஞ்சு நிமிஷம்னு ஒரு தடவ ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கெடையாது” என்றார். அவருடைய பிடிவாதத்தை நான் அன்று வியந்தேன். அதற்குள் இருந்த நடுக்கத்தை அறியவில்லை.

பிறகுதான் சொற்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒருநாள் தேநீர் வடிக்கும்போது, “அந்த… டீத்தூள் நிக்குமே, அதை எடு” என்றார். வடிகட்டி என்று நான் எடுத்துக் கொடுத்ததும் முகம் வெளிறியது. இன்னொரு நாள் தாழ்ப்பாள் என்ற சொல் வரவில்லை. “கதவோட நாக்கு” என்றார். அழகான தொடர்தான். ஆனால் சொல்லிவிட்டுக் கதவையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தாயும் இப்படித்தான் ஐம்பது வயதுக்கு முன்பே சொற்களை ஒவ்வொன்றாக இழந்தவர். கடைசி மாதங்களில் கைக்கு அகப்பட்ட சொல்லால் மகளை அழைத்திருக்கிறார். “ஒரு வாரம் நான் நாற்காலி. அடுத்த வாரம் புதன்கெழம” என்று அவர் ஒருமுறை சொன்னார். வேறொருவர் வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவரிடமிருந்து நழுவிய சொற்களை என் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்தேன். மூன்று மாதங்களில் பதினொன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவின் பின்னாலேயே நடந்து எண்ணினேன். “அத்த எடுடி, அதான் அந்த இது, அதும்மேல கீதே” என்ற வகையில் ஒரே நாளில் ஒன்பது வந்தன. சற்று நிம்மதியாக இருந்தது. ஆனால் அம்மா சொல் கிடைக்காதபோது கையை நீட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். டாக்டரம்மா சொல் கிடைக்காத இடத்திலேயே நின்றுவிடுவார்.

கருவியைக் கட்டுகிறவர்களே முதலில் அதில் படுத்துச் சோதிப்பது அந்த ஆய்வுக்கூடத்தின் பழக்கம் என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஓர் எண். எல்லோரும் நலமானவர்கள் என்ற பெயரில் பதிவு. அவருடைய எண் எது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை, அந்தப் புதன்கிழமை இழுப்பறையைத் திறக்கும்வரை.

அன்று அவர் ஒரே கவரைத்தான் என் மேசையில் வைத்திருந்தார். “இருபது படம். கலந்து வெச்சிருக்கேன். யார் தலைன்னு யோசிக்காத, புள்ளி மட்டும் வை” என்றார். வழக்கம்போல் மடித்த தாளை நீட்டினார். கையெழுத்திட்டபோது தாளின் விளிம்பு அவர் விரல் வியர்வையில் நனைந்திருந்ததைக் கவனித்தேன். அவர் உள்ளே போன பிறகே டிரேசிங் தாளுக்காக இழுப்பறையைத் திறந்தேன்.

விதிப்படி நான் எழுந்துபோய், பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துகொண்ட கண், கண் அன்று. நான் எழவில்லை. மூன்றாவது படத்தில் அந்த நிழல் வந்தது; இடப்பக்கம், காதுக்கு மேலே, அதே பயறு. பென்சிலைத் தாளுக்கு மேலே வைத்திருந்தேன். கீழே இறக்கவில்லை. இப்படி ஐந்து முறை அந்த நிழலைப் பார்த்தேன். ஐந்து முறையும் தாளை வெறுமையாக விட்டேன்.

வேறு ஐந்து படங்களில் வலப்பக்கம் அதே அளவில் ஒரு நிழல் இருந்தது. புதிதாக யாரோ ஐந்தாம் எண்ணாகச் சேர்ந்திருக்கிறார் போலும், பாவம், என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத் தயக்கமின்றிப் புள்ளி வைத்தேன்.

ஐந்தரை மணிக்கு அவர் வந்து தாள்களைத் தம் பட்டியலோடு ஒப்பிட்டார். இரண்டு முறை பார்த்தார். பிறகு குளியலறையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துவந்து, நான் புள்ளி வைத்த படம் ஒன்றின் பக்கவாட்டில் நிறுத்தினார். கண்ணாடிக்குள் நிழல் இடப்பக்கம் போனது. காதுக்கு மேலே.

“அஞ்சு நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுக்கச் சொன்னேன். தப்பாயிடும்மான்னு அந்த ஸ்டுடியோக்காரர் மூணு தடவ சொன்னாரு. நீ பழக்கத்துல ஒரே பக்கம் புள்ளி வெக்கிறியான்னு பாக்கத்தான் அப்படிப் பண்ணினேன்.” படங்களை இரண்டு வரிசையாக அடுக்கினார். “பத்தும் ஒரே தலை. பதிவைப் பத்தாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனியாப் போட்டிருக்கேன். இரைச்சல்னா தடவைக்குத் தடவ எடம் மாறணும். இந்த அஞ்சுல வெச்சிருக்க. இந்த அஞ்சுல வெக்கல. ஒரு கண்ணு எடது பக்கம் மட்டும் குருடாகுமா?”

நான் பென்சிலை மேசையில் வைத்தேன்.

“டிராயரைத் தொறந்தியா?”

“தொறந்தேன் மேடம்.”

அவர் மடித்த தாளைப் பிரித்து என் முன் வைத்தார். ‘பத்தில் ஏழு என்றால் போகிறேன்’ என்று இருந்தது. அதன் பிறகே வெளிநாட்டிலிருந்து தமக்கு வந்திருந்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். பழைய ஆய்வுக்கூடத்தில் புதிய கருவி வந்திருக்கிறது; படிகங்கள் பழையவற்றில் பாதி அளவு. பழைய எண்காரர்களில் இருவரை மீண்டும் படமெடுக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வருகிறாரா இல்லையா என்பதை மறுநாள் ஃபேக்ஸில் தெரிவிக்க வேண்டும். தம் புரோகிராமே ஒரு நிழலை உண்டாக்கினால், அந்தப் பொய்யும் இடம் மாறாமல் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆகையால் அது மெய்யா என்பதை அந்தப் புதிய கருவிதான் சொல்ல முடியும். மெய்யானால், எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

“அஞ்சுதான் வந்திருக்கு. ஏழு வரல. அதனால போகல.”

“நான் வேணும்னேதான் வெக்காம விட்டேன் மேடம்.”

“தெரியும். ஆனா முடிவைப் பாத்த பிறகு எண்ணை மாத்தக் கூடாது.”

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இருந்தது. தேர்வு ஒத்திவைக்கப்பட்ட மாணவியின் நிம்மதி. நிழலைக் கண்டபோதும், சொற்கள் நழுவியபோதும் நான் அவ்வளவு அஞ்சவில்லை. இத்தனை ஆண்டுகள் பொய்யைத் தடுக்க அவர் கட்டிக் காத்த விதிக்குப் பின்னால் அவரே ஒளிந்துகொள்வதைப் பார்த்தேன். ஒளிய இடம் அமைத்துக் கொடுத்தவள் நான்.

“கெட்டுப்போன வாசிப்பு கணக்குல வராதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இது அஞ்சு இல்ல மேடம். இது ஒண்ணுமே இல்ல.”

 காற்றில் டிரேசிங் தாள்கள் மேசையிலிருந்து பறந்தன. அவர் தலைக்கு மேலே விரலை நீட்டி, “அதை… அந்த…” என்றார். வாய் திறந்தபடியே நின்றது. நான் எழுந்து சுவிட்சை அணைத்தேன். இறக்கைகள் நிற்கும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பொருளின் பெயரை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“வேற கண்ணு வேணும்” என்றார் கடைசியில். “ஒண்ணும் தெரியாத கண்ணு. ஃபேக்ஸ் கடை பத்து மணிக்குத் தொறக்குது.”

“அதே ஏழுதானே மேடம்?”

“அதே ஏழு.” தாளைப் பழையபடி மடித்து நீட்டினார். மறுபடியும் கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கம்பெனிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்ல வைத்திருந்தேன். வழியெல்லாம் புலம்பல். “என்ன எதுக்குடி இட்டுகினு போற? தலைய பத்தி எனக்கு இன்னா தெரியும்?”

“தெரியாததனாலதாம்மா.”

இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னார். “காலர் மாரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், அதானே” என்று அம்மா உட்கார்ந்தார். என் முகம் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால் நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். டாக்டரம்மா தோட்டத்துப் பக்கம் போனார். பேசாமல் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தோம். கம்பெனிப் பழக்கம் விடவில்லை.

“ஓகே” என்றது அம்மாவின் குரல். “ஓகே. டேமேஜ்.” தாள் நகரும் ஓசை. “டேமேஜ். ஓகே. ஓகே. டேமேஜ்.”

இருபது முடியக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா உள்ளே வந்து பட்டியலைப் புரட்டுவதும் மடித்த தாள் பிரிவதும் கேட்டன.

“எட்டு” என்றார்.

“எட்டுன்னா நல்லதாம்மா, கெட்டதா?” என்று அம்மா கேட்டார்.  அம்மா மறுபடியும் கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி அவருக்கு அருகில் போட்டுக்கொண்டார்.

நான் சமையலறை ஸ்டூலை எடுத்துவந்து பரணுக்குக் கீழே போட்டு ஏறினேன். அவருடைய பெரிய சூட்கேஸ் சுவரோரமாக உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்து இறக்கி, தாவணித் தலைப்பால் தூசியைத் துடைத்து, அவர் முன்னால் திறந்து வைத்தேன்.